எல்லாவற்றுக்கும் ஒரே தூண்டில்

தூண்டில் முறிந்தபோது றுஷாந்தனின் கை மட்டும்தான் அதோடு இருந்தது. காது முன் இருக்கைக்குப் போய், சஜீவனி மிஸ்ஸின் போனில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் உட்காருகிற மஞ்சள் கயாக். முன்னால் மிஸ், பின்னால் துடுப்போடு றுஷாந்தன். குளத்தின் மேல்கோடியில் அல்லிக்கொடி மண்டிக் கிடக்கிற இடத்தில், மிஸ் வீசிய ரப்பர் தவளையை ஒரு விரால் நிஜத் தவளை என்று நம்பி விழுங்கியிருந்தது. கனமான விரால். அதைக் கொடிக்குள் நுழையவிடாமல் அவள் வெளியே கொண்டுவந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று தூண்டிலைப் பின்னால் நீட்டினாள்.

பிடித்தான். "சொல்லுங்க சேர்... ஆமா சேர், மேற்கணக்கு லயத்துக்குப் பின்னாலதான்... வெடிப்பு இன்னும்..." என்பது வரை கேட்டது. தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தின் கடைசி அறை, காம்பரா, றுஷாந்தனுடையது. காம்பராவை விட்டு வந்து அவனும் பெண்சாதியும் மகளும் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்து மாதம் ஒன்றாகிறது. காது முன்னே போகாமல் என்ன செய்யும்? காது போன பிறகு கை தன் இஷ்டத்துக்கு வேலை பார்த்தது. சின்ன வயதில் குளக்கட்டில் நின்று மூங்கில் கம்பால் மீன் பிடித்த கை அது. அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: மீன் மாட்டினால் மேலே தூக்கு. விராலோ கயாக்கின் அடிவயிற்றுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. செங்குத்தாகத் தூக்கிய தூண்டில் குடைக் கைப்பிடி போல வளைந்தது, இன்னும் வளைந்தது, அதற்கு மேல் வளைய வழியில்லாமல் 'டப்' என்று இரண்டாகியது. நூலும் அறுந்தது. விரால் தவளையையும் தூண்டிலின் நுனிப் பாதியையும் சீதனமாகக் கொண்டுபோய்விட்டது.

கவனம் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்கிறபோதுதான் றுஷாந்தனின் வாழ்க்கையில் முக்கியமான காரியங்கள் நடக்கும். கலியாணம்கூட ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

"இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது சேர்" என்று முடித்துவிட்டு மிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"மீனு கேட்டிச்சு மிஸ். குடுத்துட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "விடுங்க, அது பழசு" என்றாள். பழசு இல்லை என்று முகம் சொன்னது.

சஜீவனிக்குப் பதுளை டவுன். மலைகளைப் பரிசோதித்து எது நிற்கும், எது வரும் என்று பார்க்கிற அரசாங்க உத்தியோகம். ஹல்துமுல்லைக்குக் கீழே இருந்த பழைய தொரை பங்களாவை யாரோ வாங்கி, உல்லாசப் பிரயாணிகளுக்கு அறை விடுகிறார்கள். மலை பார்க்க வந்தவள் அங்கேதான் தங்கினாள். பகலில் மேற்கணக்கில் கம்பி நட்டு, கருவி புதைத்து அளப்பாள். பொழுது சாய்வதற்குள் வந்து, பங்களாவின் கயாக்கை எடுக்கச் சொல்லி விராலுக்கு வீசுவாள். கயாக் தள்ளுவது, புல் வெட்டுவது, வெள்ளைக்காரர்கள் கேட்டால் யானையைப் பற்றிப் பொய் சொல்வது, எல்லாம் றுஷாந்தனின் வேலை.

அவளைக் குளத்துக்குக் கூட்டிப் போன ஒவ்வொரு நாளும் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை அவன் நேராகக் கேட்டதில்லை. அன்றும் கரைக்குத் திரும்பும்போது, "மல என்ன சொல்லுது மிஸ்? சொகமா இருக்காமா?" என்றான்.

"அறிக்கை வரும்" என்றாள் மிஸ். அறிக்கை எப்போதும் வரும். மழையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறது.

இறங்கும்போது அவளே சொன்னாள்: "அடுத்த கிழமை கடைசி அளவெடுக்கத் திரும்ப வாறேன். பதுளைக்குப் போனா எனக்கு ஒரு தூண்டில் ரொட் பாத்து வாங்கி வைங்க. ஒண்ணு போதும். கயாக்ல இருந்து வீசணும். விராலுக்கும் சரிவரணும், சின்ன மீனுக்கும் சரிவரணும். உடைச்சவர்தானே, இனி எது உடையாதுண்டு உங்களுக்குத்தான் தெரியும்." சிரித்துக்கொண்டே காசையும் கொடுத்தாள். அந்தச் சிரிப்பு இல்லாமல் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதத்துக்கு முன், அடைமழை விட்ட காலையில், மேற்கணக்கு லயத்துக்குப் பின்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண் வாய் திறந்திருந்தது. ஒரு ஆளின் கை தோள்பட்டை வரை உள்ளே போகும். றுஷாந்தன் விட்டுப் பார்த்தான். அடியில் ஒன்றும் தட்டுப்படவில்லை, காற்றுதான் குளிர்ந்தது. அன்றைக்கே லயம் முழுக்கக் கோழி, குழந்தை, சட்டி பானையோடு பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கியது. மலை சரிந்து லயத்தையே மூடிய மீரியபெத்தவின் பெயரை ஒருவரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

அதற்குப் பிறகு தொடங்கியது பேச்சு. திரும்பிப் போகலாமா, கூடாதா? தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கேட்டால் மேலிடத்தில் கேட்கணும் என்றார். மேலிடத்திலிருந்து வந்தவர் மண்டபத்தின் சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல கட்டடம் என்றார். தொழிற்சங்கத் தலைவர் பிஸ்கட் பெட்டியோடு வந்து படம் எடுத்துக்கொண்டு, "பாப்போம்" என்றார். என்னத்தைப் பார்ப்பது? மலையையா, பிஸ்கட்டையா? கிராம சேவகர் மட்டும் கொஞ்சம் மனிதர். "எனக்கும் ஒண்ணும் சொல்லலப்பா" என்று தலையைத் தொங்கப்போட்டார். இப்போது பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. சனிக்கிழமைக்குள் மண்டபத்தைக் காலிபண்ண வேண்டும். சாமான் ஏற்ற டிராக்டர் அனுப்புவதாகத் தோட்டம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஆள் வர வேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் தெளிவாக, தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார்கள்.

றுஷாந்தனுக்கு நெஞ்சு எரிந்தது. எரிகிற நெஞ்சை வைத்துக்கொண்டு அவன் செய்ததெல்லாம் பகிடி. சங்கத் தலைவரிடம், "அண்ணே, மல விழுந்தா பிஸ்கட்டுக்கும் சேத்து மாலை போடுங்க" என்றான். தலைவரே சிரித்தார். அதுதான் அவனுடைய சாபம். அவன் கோபப்பட்டால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

வியாழக்கிழமை பெண்சாதி விஜயலெட்சுமியும் அவனோடு பதுளை பஸ்ஸில் ஏறினாள். அவள் தறப்பாள் வாங்க வந்தாள். காம்பராவின் கூரைத் தகரம் ஒன்று காற்றில் போயிருந்தது. திரும்பிப் போனால் மகளுடைய தலைக்கு மேலே ஏதாவது வேண்டுமே. பஸ்ஸில் பண்டாரவளை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வருவது, மழை வராமல் இருட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், வலையும் கயிறும் வாளியும் விற்கிற கடையில், ஒரு நீலப் பீப்பாய்க்குள் தூண்டில்கள் நின்றன. கடையைப் பார்ப்பவள் நளீரா. புருஷன் கட்டாருக்குப் போன நாளிலிருந்து அவள்தான் முதலாளி.

"எல்லாத்துக்கும் சரிவாற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா. கயாக்ல உக்காந்து வீசுறதுக்கு."

"என்ன மீனுக்கு?"

"எல்லா மீனுக்கும்."

"கொடிக்குள்ள வீசுறதா, வெளித் தண்ணியிலயா?"

"ரெண்டுலயும்."

நளீரா தலையைச் சாய்த்து யோசித்தாள். "அப்ப அது... பாத்துத்தான் சொல்லணும்."

றுஷாந்தனுக்குள் ஏதோ பிடி விட்டுப் போனது.

"எல்லாருமே பாத்துத்தான் சொல்றீங்க! தொர பாத்துச் சொல்றாரு, தலைவரு பாத்துச் சொல்றாரு, இப்ப தூண்டி விக்கிறவங்களும் பாத்துச் சொல்றீங்க. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்ற மனுசன் இந்த ஊவா மாகாணத்துல ஒருத்தர் இல்லையா? கண்ணாசுபத்திரியிலகூட இவ்வளவு பாக்க மாட்டாங்க!"

கயிறு அளந்துகொண்டிருந்த வேலையாள் வாய்விட்டுச் சிரித்தான். நளீரா சிரிக்கவில்லை.

"தம்பி, சண்டதான் வேணுமெண்டா எதிர்க் கடைக்குப் போங்க. அவங்க நல்லாப் பிடிப்பாங்க" என்றாள். "ரொட்தான் வேணுமெண்டா கீழ உக்காருங்க."

"எங்க?"

"தரையில. காலை நீட்டி. கயாக்ல எப்பிடி இருப்பீங்களோ அப்பிடி. நிண்டுக்கிட்டுப் பாத்தா எந்த ரொட்டும் நல்லாத்தான் ஈக்கும்."

உட்கார்ந்தான். கோபமாகத் தரையில் உட்காருவது சிரமமான கலை. பாதிக் கோபம் முழங்காலை மடக்கும்போதே போய்விடுகிறது. நீட்டிய காலுக்கு நேரே, தறப்பாள் சுருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விஜயலெட்சுமி நின்றாள்.

"நகராதீங்க தங்கச்சி" என்றாள் நளீரா. "நீங்கதான் இப்ப கயாக்ட மூக்கு. மீன் முன்னால சுத்தி மத்தப் பக்கம் ஓடும். ரொட் நுனி ஒங்களத் தாண்டி அந்தப் பக்கம் போகணும். போகாட்டி நூல் அடியில சிக்கி அறும்."

முதலில் கொடுத்தது நீளமானது. நுனி விஜியைத் தாண்டியது, கூடவே சுவர் மணிக்கூட்டையும் தட்டியது; அடிக்கட்டை அவன் விலாவில் இடித்தது. மிதவைச் சட்டை போட்டால் இன்னும் இடிக்கும் என்று நளீரா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அடுத்தது குட்டை. விலா தப்பியது, ஆனால் விஜியைச் சுற்றிக் கொண்டுபோகப் பார்த்தால் அவளுடைய முழங்காலோடு நின்றுவிட்டது. "என்னயச் சுத்த ஒங்களுக்குக் கை எட்டாது" என்றாள் விஜி. பதுளை வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூன்றாவதாக அவனே ஒன்றைத் தெரிந்தெடுத்தான். விறைப்பாக, ஆணி அடித்தது மாதிரி நேராக நின்றது. விஜி அதை வாங்கி இடுப்பு உயரத்தில் படுக்கை வசமாகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிறவர்கள் செடியின் தலை மட்டம் பார்க்க மேலே போடுகிற மட்டக்கம்பை அவள் பதினாறு வயதிலிருந்து பிடிக்கிறாள். கம்பு என்றால் கோணக் கூடாது, வளையக் கூடாது. பீப்பாய்க்குள் இருந்த மற்றதையெல்லாம் அந்தக் கண்ணால் பார்த்துத்தான் றுஷாந்தனும் கழித்துவிட்டிருந்தான்.

"இது நல்ல நேர். இத எடுங்க."

"கொழுந்தா எடுக்கப் போறீங்க?" நளீரா அதைப் பிடுங்கினாள். "வளையிறதுக்குத்தான் இத செஞ்சி ஈக்கி. வளையாட்டி விரால் வாயக் கிழிச்சிட்டுப் போகும். அடியில பலம், நுனியில வளைவு. அதத்தான் பாக்கணும்."

அவள் வேறொன்றைத் தேடிப் பீப்பாய்க்குள் குனிந்தாள். அந்த இடைவெளியில், தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து விஜயலெட்சுமி தொடங்கினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவன் சமாளித்திருப்பான்.

"எனக்கு அங்க போக ஆசையா? அந்த வெடிப்பப் பாத்த நாள்லருந்து நா கண்ண மூடல. ஆனா எங்க போறது? ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வாயத் தொறந்து 'போகாத'ன்னு சொல்லட்டும். புள்ளயத் தூக்கிக்கிட்டு ரோட்டுல படுக்கிறேன். சொன்னாங்களா யாராச்சும்? ஒங்க மிஸ்ஸுக்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்புடிக் கேட்டீங்க?"

அவன் நளீராவின் முதுகைப் பார்த்தான்.

"மல சொகமா இருக்காமான்னு கேட்டிருப்பீங்க."

பத்து வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் மறைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. றுஷாந்தன் தன்னுடைய கால் பெருவிரல்களைப் பார்த்தான். எழுந்து நிற்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

"சிரிச்சிக்கிட்டே கேட்டா சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாங்க" என்றாள். "சனிக்கிழம கடைசி டிராக்டரு வரைக்கும் பாப்பேன். பதில் வராட்டி புள்ளயோட அதுல ஏறிருவேன். அதுக்கு மேல என்னய ஒண்ணும் கேக்காதீங்க."

நளீரா நிமிர்ந்தாள். கையில் இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற ஒன்று. நடுத்தர நீளம், கட்டையான கைப்பிடி. பூட்டிக் கொடுத்தாள். விலாவில் இடிக்கவில்லை. நுனி விஜியைச் சுற்றி அந்தப் பக்கம் தாராளமாகப் போய் வந்தது. நுனியைப் பிடித்து நளீரா இழுத்தபோது மேல்பகுதி மட்டும் பணிந்தது, அடி அசையவில்லை. "கொண்டு போங்க. சரிவராட்டி மாத்தித் தாறேன்" என்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தறப்பாளைக் கட்டக் கயிறு ஒரு சுற்று அறுத்துச் சும்மா கொடுத்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மிஸ் மேற்கணக்கிலிருந்து இறங்கி வந்தாள். சப்பாத்து முழுக்கச் சேறு. அன்று அவள் மீனுக்கு வருகிறவள் மாதிரி இல்லை. கயாக்கில் ஏறி உட்கார்ந்த பிறகும் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குளக்கட்டு ரோட்டில் டிராக்டர் ஏற்கெனவே இரண்டு நடை போய்விட்டது.

புதுத் தூண்டில் நன்றாக வீசியது. கொடிக்குள்ளே தவளையை இறக்கினாள், வெளியே இழுத்தாள், வேறு பக்கம் வீசினாள். "அருமையா இருக்கு. எப்படித் தெரிஞ்செடுத்தீங்க?"

"கடைக்குள்ள கயாக் ஓட்டினேன் மிஸ்."

அவள் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வாய்வரை வந்தது. வந்த சிரிப்பை அவன் விழுங்கினான். விரால் ரப்பர் தவளையை விழுங்கினது போல விழுங்கினான். துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் குறுக்கே வைத்தான். கயாக் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் போய் நடுக்குளத்தில் நின்றது.

"மிஸ், நாங்க திரும்பிப் போகலாமா, கூடாதா?"

"அறிக்கை வரும் றுஷாந்தன். அடுத்த மாசம்..."

"அறிக்க ஒங்களுக்கு. நா கேக்குறது எனக்கு."

"அப்படி வாய்ல சொல்ல ஏலாது. எனக்கு மேல ஆக்கள் இருக்காங்க. நான் ஒண்ணு சொல்லி, நாளைக்கு அது வேற மாதிரி ஆனா..."

"வேற மாதிரி ஆனா ஒங்களுக்கு வேலை போகும். எங்களுக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் அவளுக்குப் பழக்கமான றுஷாந்தன் இல்லை.

"கரைக்குப் போங்க" என்றாள்.

"போக மாட்டேன்."

"என்ன பேச்சு இது? நான் பங்களாவுல சொன்னா..."

"சொல்லுங்க. நாளைக்கே நிப்பாட்டட்டும். பதில் சொன்னாத்தான் இந்தத் துடுப்பு தண்ணியில எறங்கும். இல்லாட்டி எறங்கி நடந்து போங்க மிஸ்." வாய் பழக்கத்தில் வந்துவிட்ட கடைசி வசனத்துக்கு அவனே சிரிக்கவில்லை. "என் பொண்டாட்டி இப்ப கடைசி டிராக்டர்ல சாமான் ஏத்துறா. எம்புள்ள அதுல ஏறப் போகுது. ஒங்க கம்பி, ஒங்க கருவி, எல்லாம் எங்க காம்பராவுக்குப் பின்னாலதான் பொதஞ்சிருக்கு. அது ஒங்களுக்கு என்னமோ சொல்லியிருக்கு. எனக்கும் சொல்லுங்க. ஒங்க புள்ளையா இருந்தா அங்க படுக்க வைப்பீங்களா?"

குரல் உடைந்துவிட்டது. கோபத்தில்தான் உடைந்தது, வேறொன்றிலும் இல்லை. தண்ணீரின் மேல் சத்தம் தூரம் போகும். அல்லிக்கொடிப் பக்கமிருந்து இரண்டு கொக்கு எழும்பிப் போனது.

சஜீவனி மெதுவாக நூலைச் சுற்றினாள். தவளை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கயாக்கில் முட்டியது. அவள் அதை எடுக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. அவளுடைய முதுகு ஒரு முறை ஏறி இறங்கியது.

குளக்கட்டு ரோட்டில் கடைசி டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மெத்தை, அலுமாரி, கோழிக்கூடு, அதற்கு மேல் சனம்.

"போகாதீங்க" என்றாள் சஜீவனி. "மலை நகருது. போன கிழமை வச்ச கம்பி இண்டைக்கு அந்த இடத்துல இல்ல. மழை பெய்ஞ்சாலும் பெய்யாட்டியும் அது வரும். ஒருத்தரையும் அங்க படுக்க விடாதீங்க."

டிராக்டர் மேற்கணக்கு ஏற்றத்தின் முதல் வளைவில் திரும்பியது. சாமான்களின் உச்சியில், விஜியின் மடியில் உட்கார்ந்திருந்த மகள், குளத்து நடுவில் மஞ்சள் கயாக்கைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அப்பாவைப் பார்த்து ஆட்டிக்கொண்டே போனாள்.